ஒப்புக்குச் சப்பாணி

கேள்வியைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். சமகாலக் கலைக் கண்காட்சிகளில் சதுரங்கப் பலகை, சறுக்குமரம், டேபிள் டென்னிஸ் மேசை, வீடியோ கேம் என்று கொண்டுவந்து வைக்கிறார்கள். தெருப் பிள்ளைகள் டயர் உருட்டுவதைப் படம்பிடித்துப் பெரிய திரையில் ஓட்டுகிறார்கள். விளையாட்டுச் சாமானைக் கூடத்தில் வைத்துவிட்டால் அது கலை ஆகிவிடுமா, இல்லை நம்மை ஏமாற்றுகிறார்களா?

சில இடங்களில் ஏமாற்றுகிறார்கள்தான். அதை முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தூக்கிப் போட்டால் நல்லது சிலவும் சேர்ந்து போய்விடும். பிரித்துப் பார்க்க நான் வைத்திருக்கும் அளவுகோல் தெருவில் கிடைத்தது. ஓடிப் பிடிக்கும் ஆட்டத்தில் யாராவது ஒரு தம்பியையோ தங்கையையோ வீட்டில் கட்டாயப்படுத்திச் சேர்த்துவிடுவார்கள். அந்தக் குழந்தை எல்லாரோடும் ஓடும், கத்தும். ஆனால் அதை யார் தொட்டாலும் அவுட் இல்லை, அது யாரைத் தொட்டாலும் கணக்கில்லை. ஒப்புக்குச் சப்பாணி. சிறு வயதில் அந்தப் பதவியில் நான் நிறைய நாள் இருந்திருக்கிறேன். கலைக்கூடத்தில் ஒரு விளையாட்டுப் பொருளைப் பார்த்தால் எனக்குள் எழும் கேள்வி அங்கிருந்து வந்ததுதான்: இங்கே என் ஆட்டம் கணக்கில் வருகிறதா, இல்லை என்னைச் சப்பாணியாக ஓடவிட்டிருக்கிறார்களா?

கணக்கில் வரும் ஆட்டம் ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். 1966இல் லண்டனில் இண்டிகா என்ற சிறிய கூடத்தில் ஜப்பானியக் கலைஞர் யோகோ ஓனோ ஒரு சதுரங்க மேசையை வைத்தார். (பீட்டில்ஸ் பாடகர் ஜான் லென்னன் அவரை முதன்முதலாகச் சந்தித்தது அந்தக் கண்காட்சியில்தான். அந்தக் கதை பிரபலமானதில் மேசையைப் பற்றிப் பேச ஆளில்லாமல் போய்விட்டது.) பலகையின் 64 கட்டங்களும் வெள்ளை. இரண்டு பக்கத்துக் காய்களும் வெள்ளை. உங்கள் காய்கள் எங்கெங்கே இருக்கின்றன என்பது நினைவில் இருக்கும்வரை ஆடலாம், இதுதான் கூடவே கொடுத்த குறிப்பு.

மனசுக்குள் ஒருமுறை ஆடிப் பாருங்கள். முதல் ஐந்தாறு நகர்த்தல்களில் சிக்கல் இல்லை, காய்கள் இன்னும் அவரவர் பக்கத்தில்தான் நிற்கின்றன. அப்புறம் நடுப்பலகையில் சிப்பாய்கள் முட்டிக்கொள்ளும், குதிரைகள் உள்ளே புகும். இரண்டு மூன்று வெட்டுகள் நடந்ததும் சந்தேகம் வந்துவிடும். அந்தக் குதிரை உன்னுடையதா, என்னுடையதா? இனி ஒன்று சண்டை போட வேண்டும், இல்லாவிட்டால் எதிராளியிடமே கேட்டு, அவர் சொல்வதை நம்பி ஆட வேண்டும். பிறகு வந்த வடிவங்களுக்கு ஓனோ வைத்த பெயரே 'நம்பி ஆடு' என்ற பொருளில் இருக்கிறது. இதில் கவனிக்க வேண்டியது, சதுரங்கத்தின் நகர்த்தல் விதி ஒன்றில்கூட அவர் கைவைக்கவில்லை. குதிரை அதே கோணலில்தான் தாவுகிறது. சாயம் மட்டும் போயிற்று. அது போனதும் படை படையாக நிற்க முடியவில்லை. வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. ஓனோ 1945இல் டோக்கியோ குண்டுவீச்சுக்குள் இருந்த பன்னிரண்டு வயதுச் சிறுமி. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் மேசை அவ்வளவு சாதுவாகத் தெரியாது.

நான் 'கணக்கில் வருகிறது' என்று சொல்வது இதைத்தான். அங்கே உட்கார்ந்தவர் உண்மையாகவே குழம்புவார், உண்மையாகவே விட்டுக்கொடுக்க வேண்டிவரும்.

சதுரங்கம் கலைக்குள் நுழைந்த கதையில் பிரெஞ்சுக் கலைஞர் மார்செல் டுஷாமைத் தாண்ட முடியாது. 1917இல் சிறுநீர்த் தொட்டியைக் கண்காட்சிக்கு அனுப்பி வம்பில் மாட்டிய அதே ஆள். 1920களில் கலையை விட்டுவிட்டுச் சதுரங்கம் ஆடப் போய்விட்டார் என்று ஊரே நம்பியது. சும்மா பொழுதுபோக்குக்கு ஆடவில்லை. 1928, 1930, 1931, 1933 என்று நான்கு ஒலிம்பியாட்களில் பிரான்ஸ் அணிக்காக ஆடினார். 1930 முதல் அந்த அணியின் முதல் பலகையில் உட்கார்ந்திருந்தவர் உலகச் சாம்பியன் அலெக்சாண்டர் அலெகின் என்றால் மட்டத்தைப் புரிந்துகொள்ளலாம். 1927இல் கல்யாணமான புதிதில் இரவெல்லாம் பலகையே கதியென்று கிடந்தாராம். ஒரு நாள் மனைவி எழுந்துபோய்க் காய்களையெல்லாம் பலகையோடு பசை போட்டு ஒட்டிவிட்டார் என்று ஒரு கதை உண்டு. கதை எவ்வளவு நிஜமோ, சில மாதங்களில் விவாகரத்து ஆனது நிஜம்.

1932இல் விட்டாலி ஹல்பர்ஸ்டாட் என்ற ஆட்டக்காரரோடு சேர்ந்து ஒரு சதுரங்க நூல் எழுதினார். எல்லாக் காய்களும் வெட்டுப்பட்டு, ராஜாக்களும் சில சிப்பாய்களும் மட்டும் மிஞ்சி, இரண்டு ராஜாக்களும் ஒருவரையொருவர் பார்த்தபடி யார் முதலில் வழிவிடுவது என்று காத்துக்கிடக்கும் நிலை பற்றியது அது. நிஜ ஆட்டத்தில் அந்த நிலை வருவதே அபூர்வம். யாருக்கும் பயன்படாத ஒரு புத்தகத்துக்கு அத்தனை உழைப்பு. எனக்கு டுஷாமின் பல வேலைகளைவிட இது பிடித்திருக்கிறது. கலையை விட்டதாகச் சொன்னதும் ஒரு நகர்த்தல்தான் என்பது பிறகு தெரிந்தது. 1946 முதல் இருபது வருடம் ரகசியமாக ஒரு பெரிய வேலையைச் செய்துகொண்டிருந்திருக்கிறார். 1969இல், அவர் இறந்த பிறகு, பிலடெல்பியா அருங்காட்சியகத்தில் அது திறக்கப்பட்டபோதுதான் உலகத்துக்கே தெரியும்.

இறப்பதற்கு ஏழு மாதம் முன்பு, 1968 மார்ச்சில், டொரண்டோவில் ஒரு மேடையில் இசையமைப்பாளர் ஜான் கேஜோடு ஆடினார். பலகையின் கட்டங்களுக்கு அடியில் ஒளி உணரிகள் பொருத்தியிருந்தார்கள். காய் நகர நகர அரங்கின் ஒலிபெருக்கிகளில் ஒலிகள் வந்தும் மாறியும் போயின. இரண்டு பேர் வெற்றிக்காக யோசிப்பதிலிருந்தே ஒரு கச்சேரி பிறக்கும் என்பது ஏற்பாடு. டுஷாம் ஒரு குதிரையை முன்கூட்டியே விட்டுக்கொடுத்து ஆடியும் கேஜ் தோற்றுப்போனார்.

ஓனோவின் நண்பர் வட்டாரத்தில், ஃப்ளக்ஸஸ் என்ற கலைஞர் குழுவில் இருந்த தகாகோ சைதோவைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. பேச வேண்டும். 1963இல் ஜப்பானிலிருந்து நியூயார்க் வந்தவர், நல்ல தச்சு வேலைக்காரர். சதுரங்கத்தைக் கண்ணிடமிருந்து பிடுங்கி மற்ற புலன்களிடம் கொடுத்தார். ஒன்றில் காய்கள் எல்லாம் பார்க்க ஒரே மாதிரி, எடையால் மட்டும் வேறு. தூக்கிப் பார்த்துத்தான் யானையா சிப்பாயா என்று கண்டுபிடிக்க வேண்டும். இன்னொன்றில் குலுக்கினால் வரும் சத்தத்தை வைத்து. மூன்றாவதில் சின்னக் கண்ணாடிக் குழாய்களில் மசாலாப் பொருள்கள், மோந்து பார்த்து ஆட வேண்டும். அஞ்சறைப்பெட்டியோடு வளர்ந்த நம் வீட்டுப் பெண்களை அந்தப் பலகையில் உட்காரவைத்தால் டுஷாமே தோற்றிருப்பார் என்று எனக்குத் தோன்றும்.

மெக்சிகோவைச் சேர்ந்த கப்ரியேல் ஒரோஸ்கோ இதே வழியில் மேலும் போனவர். 1995இல் அவர் செய்த பலகையில் 64க்குப் பதிலாக 256 கட்டங்கள், நான்கு நிற மரம். காய்கள் அத்தனையும் குதிரைகள். ராஜா இல்லை, அதனால் யாருக்கும் செக் வைக்க முடியாது, முடிவும் கிடையாது. தாவிக்கொண்டே இருக்கலாம். அடுத்த வருடம் ஒரு பில்லியர்ட்ஸ் மேசை: முட்டை வடிவம், குழியே இல்லை, சிவப்புப் பந்து மட்டும் மேலிருந்து கம்பியில் தொங்குகிறது. அடித்தால் ஊசலாடிப் போய்த் திரும்பி வருகிறது. 1998இல் டேபிள் டென்னிஸ். இரண்டு மேசைகளை நான்கு பாதிகளாக்கிச் சிலுவை போல வைத்தார். நடுவில் வலை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்னக் குளம், அதில் அல்லி. நான்கு பேர் ஆடலாம். வலை என்பது கோடு, இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் நீ. குளமோ ஒரு இடம். வலை போய்க் குளம் வந்ததும் எதிராளி யார் என்பதே தெளிவில்லாமல் போகிறது. மூன்று பேரில் யாருக்கு அடிப்பது? யாருக்குப் புள்ளி? நாலு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வந்தால்தான் ஆட்டமே தொடங்கும்.

தமிழில் விதி என்றால் சட்டம், தலையெழுத்து, இரண்டும்தான். தெருவில் ஆடும் பிள்ளைகளுக்கு முதல் அர்த்தம் மட்டும்தான் தெரியும். இன்றைக்கு மூன்று பேர்தான் வந்திருக்கிறோமா, சரி, ஒரு முறை பிட்ச் ஆனால் கேட்ச் என்று நிமிடத்தில் மாற்றிவிடுவார்கள். நமக்கு வயது ஏற ஏற இரண்டாவது அர்த்தம் வந்து ஒட்டிக்கொள்கிறது. ஒரோஸ்கோ அந்தக் குளத்தருகே நம்மை நிறுத்தித் திரும்ப முதல் அர்த்தத்துக்கு அனுப்புகிறார் என்று எடுத்துக்கொள்கிறேன்.

இனி சறுக்குமரம். இங்கேதான் எனக்குப் புகார் உண்டு.

2006இல் லண்டனின் டேட் மாடர்ன் கலை அருங்காட்சியகத்தின் பிரம்மாண்டமான கூடத்தில் கார்ஸ்டன் ஹோலர் என்ற கலைஞர் ஐந்து சுருள் சறுக்குமரங்களை நட்டார். ஐந்தாவது தளத்திலிருந்துகூட வழுக்கிக்கொண்டு வரலாம். ஹோலர் விவசாய விஞ்ஞானத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர், பார்வையாளரைப் பரிசோதனை எலி போல நடத்துவதில் ஆர்வம் உள்ளவர். தலைசுற்றலும் அதோடு வரும் இன்பமான பயமும்கூட விளையாட்டின் ஒரு வகைதான் என்று பிரெஞ்சுச் சிந்தனையாளர் ரோஜர் கைலுவா 1958இலேயே எழுதியிருக்கிறார், ஹோலருக்கு அது பிடித்த கருத்து. எல்லாம் சரி. ஆனால் வழுக்கி வந்தவருக்கு என்ன ஆகிறது? கத்துகிறார், சிரிக்கிறார், சட்டையைச் சரிசெய்துகொண்டு கடைக்குப் போகிறார். அவரால் எதையும் மாற்ற முடியாது, எதிலும் தோற்கவும் முடியாது. அழகான சப்பாணி வேடம். நுழைவுச்சீட்டு விற்க இது நல்ல வழி என்பதைப் பிறகு பல அருங்காட்சியகங்கள் கற்றுக்கொண்டன.

இதற்கு முன்னோடியாகச் சொல்லப்படும் இரண்டைப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். 1971இல் பழைய டேட் கூடத்தில் ராபர்ட் மாரிஸ் ஒட்டுப்பலகையிலும் எஃகிலும் ஏறுதளம், உருளை, கயிறு எல்லாம் அமைத்து, ஏறுங்கள் தள்ளுங்கள் என்றார். ஜனங்கள் அதை அவ்வளவு தீவிரமாக எடுத்துக்கொண்டதில் பலருக்கு அடிபட்டு, ஒரு வாரத்துக்குள் இழுத்து மூடினார்கள். விளையாட்டு வினையான கதை. 2009இல் பாதுகாப்பாகத் திரும்பக் கட்டினார்கள்.

மற்றது 1968 அக்டோபரில், ஸ்டாக்ஹோமின் நவீனக் கலை அருங்காட்சியகமான மொடேர்னா முஸீட்டில். டென்மார்க்கைச் சேர்ந்த பாலே நீல்சன் கூடத்தையே பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டார். பஞ்சுக் குளம், பலகை, ஆணி, சுத்தியல், சாயம், உலகத் தலைவர்களின் முகமூடிகள். பிள்ளைகளுக்கு இலவசம், பெரியவர்களுக்கு ஐந்து குரோனா கட்டணம். மூன்று வாரத்தில் இருபதாயிரம் பிள்ளைகள் வந்தார்கள். சமூகத்துக்கே ஒரு மாதிரி என்று அதற்குப் பெயர் வைத்தார் நீல்சன். பெயரில் அந்தக் காலத்து வீறாப்பு இருக்கிறது. ஆனாலும் பிள்ளைகள் அங்கே எதைக் கட்டினாலும் அது கட்டியதுதான், உடைத்தால் உடைந்ததுதான். சப்பாணியாக ஓரமாக நின்றவர்கள் ஐந்து குரோனா கொடுத்த பெரியவர்கள்.

இடையில் ஒன்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1991இல் இத்தாலியில் மௌரிசியோ கட்டெலான் 22 பேர் ஒரே நேரத்தில் ஆடக்கூடிய நீண்ட மேசைக் கால்பந்துப் பலகை செய்தார். ஒரு பக்கம் இத்தாலியர்கள், மறுபக்கம் ஆப்பிரிக்காவிலிருந்து பிழைக்க வந்த தொழிலாளர்கள். அவர்கள் சட்டையில் விளம்பரம் போல ஒரு பெயர், ஜெர்மன் மொழியில் 'வெளியே போ' என்பதை நினைவூட்டும் சொல். பலகையை ரசித்துவிட்டுச் சட்டையைப் படித்தால் சிரிப்பு பாதியில் நிற்கும்.

டயர் உருட்டும் பிள்ளைகளைப் படம்பிடிப்பவர் என்று நீங்கள் சொன்னது ஃபிரான்சிஸ் அலீஸாகத்தான் இருக்க வேண்டும். ஆன்ட்வெர்ப்பில் 1959இல் பிறந்தவர், படித்தது கட்டடக்கலை, 1986இல் மெக்சிகோ சிட்டிக்குப் போனவர் அங்கேயே தங்கிவிட்டார். 1999இல் அந்த ஊரில் செங்குத்தான தெருவில் ஒரு பையன் காலி பிளாஸ்டிக் பாட்டிலை மேல்நோக்கி உதைத்துக்கொண்டு போவதைப் படம்பிடித்தார். பாட்டில் உருண்டு கீழே வரும், திரும்ப உதைப்பான். அதுதான் முதல் படம். இப்போது நாற்பதுக்கும் மேல் ஆகிவிட்டன. 2022இல் வெனிஸ் பியன்னாலே என்ற பெரிய கலைக் கண்காட்சியில் பெல்ஜியம் அரங்கம் முழுக்க இவைதான், 2024இல் லண்டனின் பார்பிகன் கலை மையத்தில் பெரிய கண்காட்சி.

'பிள்ளைகள் ஆடினால் அது கலையா' என்றால், இல்லை. அலீஸும் அப்படிச் சொல்லவில்லை. அவர் செய்வது கணக்கெடுப்பு. பிள்ளைகளின் ஆட்டங்களைத் தொகுத்த பெரிய முன்னோடி ஓவியர் பீட்டர் புரூகல். 1560இல் அவர் வரைந்த ஒரே பலகையில் இருநூறுக்கும் மேற்பட்ட பிள்ளைகள், எண்பதுக்கும் மேற்பட்ட ஆட்டங்கள். வியன்னாவில் இருக்கிறது. பச்சைக் குதிரை தாண்டுகிறார்கள், வளையம் உருட்டுகிறார்கள், இடது ஓரத்தில் கீழே இரண்டு பேர் உட்கார்ந்து நம் அஞ்சாங்கல்லுக்கு அக்கா முறை ஆகும் எலும்பு ஆட்டம் ஆடுகிறார்கள். அலீஸின் படம் ஒன்று அதே ஆட்டத்தை 2017இல் காத்மாண்டுவில் பிடித்திருக்கிறது. இடையில் நானூற்று ஐம்பது வருடம்.

கணக்கெடுப்பு என்றேன், ஆனால் எந்த ஊரில் எடுக்கிறார் என்பதில்தான் விஷயம். 2017இல் ஈராக்கின் மோசுல். ஐஎஸ் ஆட்சியில் கால்பந்து தடை செய்யப்பட்டிருந்த ஊர். இடிந்த கட்டடங்களுக்கு நடுவே பையன்கள் மும்முரமாகக் கால்பந்து ஆடுகிறார்கள். பந்து மட்டும் இல்லை. கடத்துகிறார்கள், தடுக்கிறார்கள், கோல் அடித்துக் கொண்டாடுகிறார்கள். சிறிது நேரத்தில் நம் கண்ணும் அந்த இல்லாத பந்தைத் தொடர ஆரம்பித்துவிடும். பறிமுதல் செய்ய வருபவனுக்கு அங்கே கையில் எடுக்க ஒன்றுமில்லை. ஓனோ சாயத்தை எடுத்தார், ஒரோஸ்கோ வலையை எடுத்தார், மோசுலில் பந்தை எடுத்தது துப்பாக்கி. பையன்கள் மிச்சமிருந்த விதியை வைத்தே ஆட்டத்தை நடத்திவிட்டார்கள்.

காபூலில் 2011இல் எடுத்த படத்தில் பிள்ளைகள் வளையத்துக்குப் பதில் சினிமா ரீல் உருட்டுகிறார்கள். ஒருவன் உருட்டிக்கொண்டு ஓட, பிலிம் தெருவெங்கும் அவிழ்ந்து கிடக்கிறது. பின்னால் வருபவன் அதை இன்னொரு ரீலில் சுற்றிக்கொண்டே வருகிறான். 2001இல் ஆப்கன் திரைப்படக் காப்பகத்திலிருந்து தாலிபான்கள் ரீல்களைப் பிடுங்கி எரித்த ஊர் அது. எரிந்தவற்றில் பெரும்பாலானவை பிரதிகள்தாம், மூல நெகட்டிவ்கள் அல்ல. 2021இல் காங்கோவின் லுபும்பாஷியில் ஒரு பையன் சுரங்கக் கழிவு மலைமேல் டயரை உருட்டிக்கொண்டு ஏறுகிறான். உச்சியில் டயருக்குள் தன்னைச் சுருட்டிக்கொண்டு உருண்டு இறங்குகிறான். அந்த மண்ணின் கோபால்ட் நம் கைபேசி பேட்டரிகளுக்கு வருகிறது. ஹோலரின் சறுக்குமரத்துக்கு நேர் எதிரே இந்தச் சரிவை வைத்துப் பார்ப்பது என் வழக்கம். அலீஸ்மேல் ஒரு குற்றச்சாட்டு உண்டு: ஏழை ஊர்ப் பிள்ளைகளின் சிரிப்பைப் பணக்கார ஊர்க் கூடங்களில் காட்டுகிறார் என்று. அதில் நியாயம் கொஞ்சம் இருக்கிறது. படங்களை யாரும் இலவசமாகப் பார்க்கத் தன் இணையதளத்தில் போட்டுவைத்திருப்பது அதற்கு முழுப் பதில் ஆகாது, ஆனால் பாதிப் பதில்.

வீடியோ கேம் பற்றி நிறையப் பேசலாம். நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 2012இல் பேக்மேன், டெட்ரிஸ் உள்பட 14 கேம்களைத் தன் சேகரிப்பில் சேர்த்தது, அது வடிவமைப்பாகச் சேர்த்தது. எனக்கு முக்கியமாகப் படுவது இரண்டுதான். ஈராக்கில் பிறந்து அமெரிக்காவில் வாழும் வஃபா பிலால் 2007இல் சிகாகோவில் ஒரு மாதம் ஒரு அறைக்குள் தங்கினார். எதிரே சாயக்குண்டு சுடும் துப்பாக்கி, அதை இணையத்தில் யார் வேண்டுமானாலும் இயக்கலாம். அவருடைய தம்பியை அமெரிக்கக் குண்டு கொன்றிருந்தது. உலகெங்கிலுமிருந்து 60 ஆயிரத்துக்கும் மேற்பட்ட முறை சுட்டார்கள். ஆனால் ஒரு கூட்டம் தானாகச் சேர்ந்து, மாற்றி மாற்றி உட்கார்ந்து, துப்பாக்கியை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டே இருந்து அவரைக் காப்பாற்றப் பார்த்தது. இதில் சப்பாணி யாருமில்லை. பொத்தானை அழுத்தியவர், திருப்பியவர், பார்த்துவிட்டு இணையப் பக்கத்தை மூடியவர், எல்லாருடைய ஆட்டமும் கணக்கில்.

மற்றவர் ஹாருன் ஃபரோக்கி, ஜெர்மானியர், அப்பா இந்தியர். 2009–10இல் அமெரிக்க ராணுவத்துக்குள் போய், சிப்பாய்கள் கணினி விளையாட்டில் போருக்குப் பயிற்சி எடுப்பதையும், போர் முடிந்து மனம் உடைந்து வந்தவர்களுக்கு அதே மாதிரி விளையாட்டுக் காட்சிகளை வைத்துச் சிகிச்சை தருவதையும் படம்பிடித்தார். கடைசிப் பகுதியில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறார். போருக்குப் போகிறவர்களின் மென்பொருளில் வெயிலுக்கு நிழல் விழுகிறது. திரும்பி வந்தவர்களுடையது மலிவான பதிப்பு, அதில் நிழல் கிடையாது.

ஒரு வருத்தத்தையும் சொல்லிவிட வேண்டும். சைதோவின் மசாலாச் சதுரங்கம் மாதிரியானவை இன்று அருங்காட்சியகச் சேகரிப்புகளில் பத்திரமாக இருக்கின்றன. கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதை யாரும் மோந்து பார்க்க முடியாது. கலை என்று ஒத்துக்கொண்டவுடன் ஆட்டம் நின்றுவிடுகிறது. உங்கள் கேள்விக்குள் இருந்த எரிச்சலில் பாதி இந்தக் கண்ணாடியால் வந்தது என்றே நினைக்கிறேன்.

நேரமிருந்தால் அலீஸின் காத்மாண்டு படத்தை முதலில் பாருங்கள், ஐந்தாறு நிமிடம்தான் ஆகும். அஞ்சாங்கல் ஆடிய யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் அம்மாவோடு பார்த்தேன். சமகாலக் கலை என்றெல்லாம் சொல்லவில்லை. அவர் ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார், மடியிலிருந்த வலது கை மட்டும் தானாகப் புறங்கை மேலே வருகிற மாதிரித் திரும்பிக்கொண்டது.